பதினோராவது விமானம்

வேனின் பின்கதவைத் திறந்ததும்
நேற்று இறக்கிய மலர்வளையங்களின் வாசம்
எங்களுக்கு முன்னால் குதித்துக்
கடலைப் பார்க்கப் போயிற்று.

சாங்கி கடற்கரை. கடைசி கார் நிறுத்தம்.
இதற்கு மேல் ஓட்ட இடமில்லை.
துவாஸில் புறப்பட்டாலும்
ஒரு மணி நேரத்தில் நாடு முடிந்துவிடும்.
நெடும்பயணம் போக ஆசைப்பட்டால்
வட்டமாகத்தான் போகவேண்டும்.

"போதும், இறங்கு கோமதி" என்றாள் ருகையா.
"என் பசி இதைவிடத் தூரம் வந்தாச்சு."

ஒரு பானை, ஒரு மூடி, ஒரு கரண்டி.
காலுறைக்குள் உருட்டிவைத்த ஐந்து முட்டை;
ஒன்று லோயாங் வளைவில் உயிரை விட்டிருந்தது.
அரிசி, மைசூர்ப் பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம்,
அவள் புளோக்கின் கீழ் யாரோ வளர்க்கும் செடியில்
கேட்டுப் பறித்த கறிவேப்பிலை.
(யாரைக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.)

அவளுக்கு வேலை விமானச் சமையற்கூடத்தில்.
ஓர் இரவுக்கு மூவாயிரம் தட்டு.
சோறு நூற்றிருபது கிராம்.
தராசில் எண் சிவந்தால் நாலு பருக்கை எடு,
பச்சையானால் மூடு, தள்ளு.
தலையில் வலை, கையில் உறை.
ஆறு வருடத்தில்
தன் சோற்றை மெல்லும் ஒரு முகத்தையும்
அவள் பார்த்ததில்லை.

இன்று அரிசியைக் கையால் அள்ளினாள்.
ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று.
என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு
இன்னொன்று.

அடுப்பின் நீலச் சுடரைக்
காற்று ஊதி ஊதி விளையாடியது.
மறைப்புக்கு என்ன இருக்கிறது என்று வேனில் துழாவினேன்.
'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதிய அட்டை கிடைத்தது;
எழுத்தில் பிழை என்று திருப்பி அனுப்பியது.
அதை நிறுத்தியதும்
சுடர் அடக்கமாக நின்றது.

வெங்காயம் சிவந்து, பருப்பும் அரிசியும் புரண்டு,
தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நினைவு வந்தது:
உப்பு.

"எதிரே இவ்வளவு பெரிய ஜாடி இருக்கே" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. வேலைச் சட்டைப் பையைத் தடவினாள்.
விமானச் சின்னம் போட்ட காகிதப் பொட்டலம் இரண்டு.
"எப்போது விழுந்ததோ" என்று
யாரிடமோ சாட்சி சொல்வதுபோல் சொல்லிவிட்டுக்
கிழித்துக் கொட்டினாள்.

கடிகாரம் வேண்டாம் என்றாள்.
"இறங்குகிற விமானத்தை எண்ணு.
பதினொன்று வரும்வரை
மூடியைத் திறந்தால் கையை முறிப்பேன்."

ஒன்று. பனைமரத்துக்கு மேலே வெளிச்சம்.
இரண்டு. மூன்று.
"ஏறுகிறதில் என் சோறு போகும்;
இறங்குகிறதில் எச்சில் தட்டு வரும்.
யாரோ பாதி தின்ற ரொட்டி,
தொடாத காரட்..."
நான்கு. ஐந்து. அவள் கைகள்
தானாக எதையோ மூடித் தள்ளிக்கொண்டிருந்தன.

ஆறா, ஏழா என்று குழம்பியபோது
டார்ச் வெளிச்சம் காலில் விழுந்தது.
முகாம் அனுமதி கேட்டார். கைப்பேசியில் காட்டினேன்.
சட்டையில் ஹஃபீஸ் என்று பெயர்.
அனுதாப அட்டையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் நகர்ந்தவரை
மூடியோரத்தில் கசிந்த ஆவி
சட்டையைப் பிடித்து நிறுத்தியது.

"சுடா மக்கான்?" என்றாள் ருகையா.
இன்னும் இல்லையாம். பத்து மணி வரை வேலையாம்.

எத்தனையாவது விமானமோ, திறந்துவிட்டோம்.
குழைந்து, மஞ்சளாக, நாலு முட்டையும்
நடுவில் கண்ணை மூடிக் கிடந்தன.
அடி பிடித்திருந்தது.
மூடியைக் கவிழ்த்து அதில் போட்டுக் கொடுத்தாள்.
அவள் முக்காட்டைப் பார்த்தவர்
எதையும் விசாரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

நின்றபடியே சாப்பிட்டார்.
சூடு தாங்காமல் வாயைத் திறந்து ஊதினார்.
ஒரு பருக்கை மீசையில் ஒட்டியிருந்தது.
ருகையா தன் தட்டைத் தொடாமல்
அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கூச்சமில்லாமல், படம் பார்ப்பதுபோல்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் மலாயில்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே!

தலைக்கு மேல் இன்னொன்று தாழ்ந்து போனது.
நான் எண்ணவில்லை.
கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்,
தீய்ந்த பகுதி எனக்கு என்று
முதலிலேயே சொல்லியிருந்தேன்.